அலங்காரம் இல்லாத ஃபிளமெங்கோ கிட்டார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு யார் வந்தாலும், சுவரில் தொங்கும் என் கிட்டார்களைப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது, "இன்னும் டிசைன் போடலையா?" என்பதுதான். இல்லை, போடப்போவதும் இல்லை. ஸ்பெயினின் கிரனாடாவில் ஒரு சின்னப் பட்டறையில் ஆறு வாரம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகு இதுவரை ஒன்பது கிட்டார் கட்டியிருக்கிறேன். எல்லாமே ஃபிளமெங்கோ, அதாவது தென் ஸ்பெயினின் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் வாசிக்கும் வகை, எல்லாமே மொட்டை. ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே போட்டுவைக்கிறேன்.

இது கிளாசிக்கல் கிட்டார்தானே? பெயர் மட்டும் வேறா?

பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆறு நைலான் தந்தி, 650 மில்லிமீட்டர் தந்தி நீளம், அதே எட்டு வடிவ உடல். கையில் வாங்கியதும் வித்தியாசம் புரிந்துவிடும், உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். சைப்ரஸ் மரத்தில் செய்த நல்ல ஃபிளமெங்கோ கிட்டார் ஒன்று 1.2 கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். கிளாசிக்கல் பெரும்பாலும் ஒன்றரை கிலோ, அதற்கு மேலும் போகும். உடலின் ஆழமும் கொஞ்சம் குறைவு, தந்திகள் பலகைக்கு நெருக்கமாக ஓடும்.

ஆனால் உண்மையான வித்தியாசம் ஒலியில்தான். தட்டியவுடன் பாய்ந்து வந்து, உடனே காய்ந்துபோகிற ஒலி இது. வீணையில் ஒரு மீட்டு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை வைத்து வாத்தியத்தை மதிப்போம் இல்லையா, இங்கே கணக்கு நேரெதிர். ஃபிளமெங்கோவில் கிட்டார் பிறந்தது பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க. ஒரு பக்கம் நாலு பேர் கைதட்டுகிறார்கள், அதற்குப் பெயர் பால்மாஸ். இன்னொரு பக்கம் ஆடுபவர் பலகைத் தரையில் குதிகாலால் அடிக்கிறார். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒலி நீண்டுகொண்டே போனால் ஒன்றோடொன்று கலந்து குழம்பாகிவிடும். ஒவ்வொரு அடியும் தனியாக வெட்டுப்பட்டு விழ வேண்டும்.

ஏழைகளின் கிட்டார் என்பதால்தான் அலங்காரம் இல்லையா?

பாதி உண்மை. இன்றைய கிளாசிக்கல், ஃபிளமெங்கோ இரண்டுக்குமே அச்சு வார்த்தவர் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோர்ரெஸ் (1817–1892). அவர் காலத்தில் "ஃபிளமெங்கோ கிட்டார்" என்று தனியாக ஒரு சாதி கிடையாது. காசு உள்ளவருக்குக் கப்பலில் வந்த ரோஸ்வுட் மரம், வேலைப்பாடு. இல்லாதவருக்கு ஊரிலேயே வளர்ந்த சைப்ரஸ், இரண்டு கோடு, முடிந்தது. தந்தியை முறுக்கக்கூட உலோக மெஷின் விலை அதிகம் என்பதால் மரப் பிருடைதான். இதுவரை ஏழ்மைக் கதை சரி.

மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. மாட்ரிட்டில் ஹொசே ராமிரெஸ், மானுவேல் ராமிரெஸ் என்று அண்ணன் தம்பி இருவர், ஆளுக்கொரு பட்டறை. தம்பி மானுவேலின் பட்டறையில் வேலை பார்த்த சாந்தோஸ் ஹெர்னாந்தெஸும் தொமிங்கோ எஸ்தேசோவும், மானுவேல் 1916இல் இறந்த பிறகு, தனித்தனியாகக் கடை போட்டு, அந்த எளிய சைப்ரஸ் கிட்டாரைத் தேடிவந்து வாங்கும் பொருளாக மாற்றினார்கள். சாந்தோஸ் கட்டிய கிட்டார் என்றால் ரமோன் மோந்தோயா போன்ற பெரிய கைகள் வாசித்தது. அவர்களுக்கு ரோஸ்வுட் வாங்கக் காசில்லாமலா சைப்ரஸை வாசித்தார்கள்? அதற்குள் காது அந்த ஒலிக்குப் பழகிவிட்டது. வசதியில்லாததால் வந்த பொருள், வசதி வந்த பிறகும் வீட்டைவிட்டுப் போகவில்லை, நம் வீட்டுப் பழைய சோறு மாதிரி.

நான் அலங்காரம் போடாததற்கு என் காரணம் வேறு. சைப்ரஸ் வெளுத்த மரம். அதில் ஒட்டு ஒரு நூல் பிசகினாலும் கறுப்புக் கோடாகப் பல்லிளிக்கும். ஓரத்தில் அகலமாக ஒரு முத்துச்சிப்பிப் பட்டையை ஒட்டினால் அதையெல்லாம் மறைத்துவிடலாம். மறைக்க வழி இருந்தால் நான் மறைப்பேன், என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கதவை மூடிவிட்டேன்.

சைப்ரஸ் என்றால் நம்மூர் ஊசியிலை மரம் மாதிரியா? பலாவில் செய்தால் என்ன?

நான் சொல்வது மத்தியதரைக்கடல் சைப்ரஸ். கோபுரம் போல ஒல்லியாக நெட்டுக்குத்தாக வளரும், ஸ்பெயினில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் வரிசையாக நிற்கும். கிரனாடாவில் அல்ஹம்ப்ரா அரண்மனைக்குப் பக்கத்துத் தோட்டங்களிலும் நிறைய. மஞ்சள் ஓடிய வெள்ளை, இழைக்கும்போது மிளகும் எலுமிச்சையும் சேர்ந்தாற்போல் வாசனை. ரோஸ்வுட்டில் பாதியைக் கொஞ்சம் தாண்டிய அடர்த்திதான் இருக்கும், கிட்டார் லேசாக இருப்பதற்கு அதுதான் முதல் காரணம்.

பலா அருமையான மரம், தஞ்சாவூர் வீணையே சாட்சி. ஆனால் வீணையில் பலாவைக் குடைகிறார்கள், இங்கே இரண்டு மில்லிமீட்டர் தகடாக்கி வளைக்க வேண்டும். நான் ஒருமுறை முயன்றேன், வளைந்தது, ஒலியும் மோசமில்லை, ஆனால் கனம் வந்துவிட்டது, வாசித்த நண்பர் "நல்ல கிளாசிக்கல்" என்று பாராட்டினார். அந்தப் பாராட்டோடு அந்தச் சோதனை முடிந்தது.

நம்ம பக்கத்து மரம் இதில் வேறு வழியில் நுழைகிறது. ரோஸ்வுட் உடலோடு செய்யும் ஃபிளமெங்கோவுக்கு நெக்ரா என்று பெயர், அதாவது கறுப்பு. சைப்ரஸ் உடல் பிளாங்கா, வெள்ளை. பிரேசில் ரோஸ்வுட் 1992இல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலுக்குள் போனது. அந்த இடத்தில் இன்று பரவலாக இருப்பது இந்திய ரோஸ்வுட், மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். கூடலூர் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். தென் ஸ்பெயினின் அந்தலூசியாவில் யாரோ ஒருவர் மடியில் நீலகிரி மரம் உட்கார்ந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஒலிக்கு எது முக்கியம், மேல்பலகையா உடலா?

மேல்பலகை. இந்த வாதத்தைத் தோர்ரெஸ் 1862இலேயே முடித்துவைத்தார். பக்கங்களையும் முதுகையும் காகித அட்டையில் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல ஸ்ப்ரூஸில், குளிர்நாட்டு ஊசியிலை மரம் அது, போட்டு ஒரு கிட்டார் கட்டினார். அது இன்னும் பார்சலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ்தான். ஒரே துண்டை நடுவில் பிளந்து புத்தகம் மாதிரி விரித்து ஒட்டுவோம், ரேகை இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் வரும். கனம் இரண்டு மில்லிமீட்டரும் கொஞ்சமும், ஓரங்களில் இன்னும் குறையும். "சரியாக எத்தனை?" என்று கேட்பவர்களுக்கு எரிச்சல் வரும், இருந்தாலும் சொல்கிறேன்: பலகைக்குப் பலகை மாறும். இழைத்துக்கொண்டே இரண்டு கையாலும் லேசாக முறுக்கிப் பார்ப்பேன், காதருகே பிடித்து விரலால் தட்டிப் பார்ப்பேன். அட்டைப்பெட்டி மாதிரி "டொப்" என்று இருப்பது "டங்" என்று மாறும் ஓர் இடம் உண்டு, அங்கே இழைப்புளியைக் கீழே வைக்க வேண்டும். இரண்டாவது கிட்டாரில் வைக்கவில்லை. இன்னும் நாலு சீவல் எடுத்தேன், இன்று அதன் மேல்பலகை குதிரைக்கு, அதாவது பலகைமேல் தந்திகளைத் தாங்கும் கட்டைக்கு, பின்னால் தொப்பை போட்டிருக்கிறது.

உள்ளே விசிறிபோல் ஐந்து அல்லது ஏழு மெல்லிய குச்சிகள் ஒட்டுவோம். அதைத் தாண்டி நான் ஒன்றும் சேர்ப்பதில்லை.

தந்தி உயரம், குதிரை உயரம் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, ஏன்?

இங்கேதான் கிட்டார் ஃபிளமெங்கோ ஆகிறது, அதனால் இந்தப் பதில் நீளும்.

வாசிப்பவரின் வலது கை தந்தியை மீட்டுவதோடு நிற்காது. நடுவே மோதிர விரலால் பலகையைத் தட்டும், அதற்குப் பெயர் கோல்பே. விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக விசிறி அடிக்கும் ரஸ்கெயாதோ வேறு. தந்தி பலகையிலிருந்து தூரமாக இருந்தால் தட்டுவதற்குக் கை இறங்கி ஏற வேண்டும், வேகம் போச்சு. அதனால் குதிரையின் அருகே தந்திக்கும் பலகைக்கும் இடையே 7, 8 மில்லிமீட்டர்தான் விடுவோம். கிளாசிக்கலில் இது பத்துக்கு மேல் போகும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில், வீணைக்காரர்கள் மெட்டு என்பார்களே அதில், தடித்த தந்திக்கு 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. கிளாசிக்கலில் 4 வரைகூட இருக்கும்.

குதிரை தாழ்ந்தால் தந்தி பலகையை இழுத்து உருட்டும் பலமும் குறைகிறது. அப்படியென்றால் பலகையை இன்னும் மெல்லிசாக, குச்சிகளை இன்னும் ஒல்லியாக வைக்கலாம். வைத்தால் ஒலி சட்டென்று கிளம்பும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகர்கிறது, எதையும் தனியாக மாற்ற முடியாது.

சிக்கல் என்னவென்றால், இந்த எட்டு மில்லிமீட்டரை நீங்கள் கடைசியில் தீர்மானிக்க முடியாது, முதல் நாளே தீர்மானித்தாக வேண்டும். ஸ்பானிய முறையில் கழுத்தைத் தனியாகச் செய்து பிறகு மாட்டுவதில்லை. சொலெரா என்று ஒரு பலகை, கிட்டார் வடிவத்தில், நடுவே லேசாகக் குழித்தது. அதன்மேல் மேல்பலகையைக் கவிழ்த்துப் போட்டு, அதோடு கழுத்தை ஒட்டி, கழுத்தின் அடிக்கட்டையில் அறுத்த பள்ளத்தில் பக்கங்களைச் செருகி, எல்லாவற்றையும் தலைகீழாகவே கட்டுவோம். முதுகை மூடிய பிறகுதான் அதைத் திருப்பிப் பார்ப்பீர்கள். கழுத்துக் கோணம் ஒரு மில்லிமீட்டர் பிசகியிருந்தால் குதிரையில் அது தெரியும். விரல்பலகையை ஒரு பக்கம் சாய்வாக இழைத்துக் கொஞ்சம் சரிக்கட்டலாம். நான் சரிக்கட்டாத கிட்டார் இதுவரை இரண்டுதான்.

என் கிட்டாரில் பலமாக அடித்தால் தந்தி கர்கர் என்கிறது. பழுதா?

கிளாசிக்கல் என்றால் பழுது. இங்கே பலமாக அடிக்கும்போது மட்டும் வந்தால் அது குணம், நிறைய பேர் கேட்டே வாங்குகிறார்கள். மெதுவாக மீட்டும்போதும் வந்தால் கொண்டுபோய்ச் சரிசெய்யுங்கள்.

பக்கங்களை எப்படி வளைக்கிறீர்கள்? உடையாதா?

உடையும். வளைக்கப் பயன்படுவது உள்ளிருந்து சூடேற்றிய ஓர் இரும்புக் குழாய். சூட்டுக்கு வெப்பமானி வேண்டாம், தோசைக்கல்லுக்குப் பார்ப்பதுபோல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், துளி நிற்காமல் உருண்டு ஓட வேண்டும். பக்கப் பலகை 2 மில்லிமீட்டருக்குள். நனைத்து, குழாயில் வைத்து, மரம் "சரி" என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளங்கையில் அது திடீரென்று தளர்வதை உணர்வீர்கள், அப்போது அழுத்துங்கள். அதற்கு முன் அழுத்தினால் இடுப்பு வளைவில் சிராய் கிளம்பும். சைப்ரஸில் பிசின் உண்டு, அதிக நேரம் வைத்தால் கருகும், அந்தப் பழுப்புக் கறை வெள்ளை மரத்தில் போகவே போகாது. அவசரப்பட்டாலும் தப்பு, தாமதித்தாலும் தப்பு என்றால் என்ன செய்வது? தனியாகப் பத்துத் துண்டு வாங்கி வளைத்துப் பழகுங்கள், வேறு வழி இல்லை.

ஃபெவிகால் போதுமா, வஜ்ஜிரம் வேண்டுமா?

ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசையிலும் நல்ல கிட்டார் கட்டுகிறார்கள், சண்டைக்கு வரவில்லை. நான் வஜ்ஜிரம் பயன்படுத்துகிறேன், பழைய ஆசாரிகள் காய்ச்சும் அதே தோல் பசைதான். அந்த வாடையைக் குடும்பம் பொறுத்துக்கொள்ள வேண்டும், அது தனிப் பிரச்சினை. காய்ந்தால் கண்ணாடிபோல் இறுகும், நாளைக்குப் பழுது பார்க்கவேண்டுமென்றால் சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். நாற்பது வருடம் கழித்து யாரோ முதுகைத் திறக்க வேண்டி வரும், அவர் என்னைத் திட்டக்கூடாது.

மேல்பலகையையும் பக்கங்களையும் உள்ளே இணைப்பது விரல்நகம் அளவுள்ள சின்னச் சின்ன மரக்கட்டைகள். ஒவ்வொன்றாக, சுற்றிலும், கையால் அழுத்திப் பிடித்து ஒட்ட வேண்டும். ஸ்பானியர்கள் அவற்றைப் பியோனெஸ் என்கிறார்கள், கூலியாட்கள் என்று பொருள். நம் அலுவலகப் "பியூன்" போர்த்துக்கீசிய வழியில் வந்த அதே சொல். இது தெரிந்த நாளிலிருந்து அவற்றை ஒட்டும்போது ஒவ்வொருவரையும் இருக்கையில் அமர்த்துவதுபோல் ஓர் எண்ணம்.

அந்தத் துளையைச் சுற்றி மட்டும் கோலம் போட்டிருக்கிறீர்களே? அலங்காரம் வேண்டாம் என்றீர்கள்?

மாட்டிக்கொண்டேன். ரொசெட் என்று பெயர் அதற்கு. நான் போடுவது கறுப்பு வெள்ளையில் மூன்று வளையம், அவ்வளவுதான். முழுதாக விட்டுவிட்டும் பார்த்தேன், திறந்த வாய் மாதிரி இருந்தது. உடலின் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டையும் உண்டு, அது மேசை முனையில் இடித்தால் ஸ்ப்ரூஸ் ஓரம் பெயராமல் இருக்க. தலை வடிவம் மட்டும் கட்டுபவரின் கையெழுத்து, உறையிலிருந்து தலை வெளியே வந்ததும் எந்தப் பட்டறை என்று சொல்லிவிடுவார்கள். எஸ்தேசோவின் மருமான்கள் நடத்திய கோந்தே பட்டறையின் அரைநிலாத் தலையை உதாரணமாகச் சொல்லலாம்.

மரப் பிருடையில் சுருதி நிற்குமா?

நிற்கும், நன்றாகச் செதுக்கியிருந்தால். பிருடையும் துளையும் ஒரே சரிவில் முழுதாக உட்கார வேண்டும், ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் வழுக்கும் அல்லது சிக்கும். வீணை, வயலின் வாசித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. மெஷின் போட்டால் தலை கனக்கும், கிட்டார் இடப்பக்கம் சாயப் பார்க்கும். கேட்டால் போட்டுத் தருவேன், முகம் மட்டும் கொஞ்சம் சுளிக்கும்.

தட்டும் இடத்தில் பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறதே, அது ஒலியைக் கெடுக்காதா?

கொஞ்சம் கெடுக்கும். ஆனால் கோல்பேயதோர் என்ற அந்தத் தகடு இல்லாவிட்டால் நகம் ஸ்ப்ரூஸைத் தோண்டிவிடும், சில மாதத்தில் பள்ளம். பழைய கிட்டார்களில் வெள்ளையாகத் தடித்து இருக்கும், இப்போது கண்ணுக்கே தெரியாத மெல்லிய தகடு கிடைக்கிறது. கையின் பாதை எதுவோ அந்த அளவுக்கு மட்டும் வெட்டி ஒட்டுங்கள், பலகை முழுக்கப் போர்த்தாதீர்கள்.

பாலிஷ்?

அவலரக்கு. இந்தியாவில் பூச்சிகள் மரக்கிளையில் சுரக்கும் அரக்குதான், இங்கிருந்து போய் ஸ்பெயினில் கோமாலாகா என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொட்டலத்தைத் துணியில் கட்டி, வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறை, பல நாட்கள். தடியான வார்னிஷ் அடித்தால் மெல்லிய பலகைக்குக் கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடும். இது கீறும், வியர்வை பட்டால் மங்கும், வெந்நீர் டம்ளர் வைத்தால் வட்டம் விழும். விழுந்தால் மறுபடி தேய்க்கலாம்.

எத்தனை நாள் ஆகும்? என்னென்ன சாமான் வேண்டும்?

மாலையிலும் ஞாயிறுகளிலும் செய்யும் எனக்கு ஐந்து மாதம். முழு நேரமாகச் செய்பவருக்கு அவ்வளவு ஆகாது. இழைப்புளி இரண்டு, உளி மூன்று, நல்ல ரம்பம், வளைக்கும் குழாய், கவ்விகள் எத்தனை கிடைக்குமோ அத்தனை. எத்தனை கவ்வி இருந்தாலும் ஒட்டும் அன்று ஒன்று குறையும். ஃப்ரெட் இடத்துக்குக் கணக்கு: மிச்சமுள்ள தந்தி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுங்கள். 650க்கு முதல் ஃப்ரெட் 36.48 மில்லிமீட்டரில், பன்னிரண்டாவது சரியாக நடுவில், 325இல் வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ தப்பு, மரத்தில் கைவைக்காதீர்கள்.

கடலோர ஊரில் கட்டலாமா?

இதில்தான் பெரிய அடி வாங்கினேன். முதல் கிட்டாரின் முதுகுக் குச்சிகளை ஐப்பசி மழையில் ஒட்டினேன், ஜன்னல் எல்லாம் திறந்து. மரம் அப்போது ஈரத்தைக் குடித்து அகலமாக இருந்தது, குச்சிகள் அதைக் குறுக்கே பிடித்துக்கொண்டன. பிறகு நண்பர் அதை வறண்ட ஊருக்கு எடுத்துப்போனார். மரம் சுருங்கப் பார்த்தது, குச்சி விடவில்லை, நள்ளிரவில் "டப்" என்று சத்தம் கேட்டதாம், காலையில் நடு முதுகில் பிளவு. இப்போது சின்ன அறை ஒன்றில் ஈரமுறிஞ்சி ஓடவிட்டு, காற்றின் ஈரப்பதம் 45, 50 சதவீதத்தில் இருக்கும்போது மட்டுமே ஒட்டுகிறேன். வெளியே மழை கொட்டினால் அன்றைக்கு இழைப்பு வேலை மட்டும். மின்சாரக் கட்டணம் பற்றிக் கேட்காதீர்கள்.

நான் வலது கையா இடது கையா என்று ஏன் முதலிலேயே கேட்கிறீர்கள்? பிறகு மாற்ற முடியாதா?

பெரும்பாலும் மாற்றலாம். என் விசிறிக் குச்சிகள் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் உடலுக்கு இடது வலது கிடையாது. தந்தி தாங்கும் எலும்புத் துண்டுகள் இரண்டையும் புதிதாகச் செதுக்கி, தட்டும் தகட்டைப் பிய்த்து மறுபுறம் ஒட்டினால் போதும். பிய்க்கும்போது அரக்குப் பாலிஷும் கூடவே உரிந்து வரும், அதை மறுபடி தேய்க்க ஒரு வாரம் ஆகும், அதற்காகத்தான் முதலிலேயே கேட்கிறேன்.